தொழுவும் மன்றும்



மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஆடுகள் திரிவதைக் கொச்சிக்கு ஒருமுறை வந்து சென்றவர்களும் கண்டிருப்பார்கள். மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளின் திண்ணைகளில் அவை படுத்திருக்கும். அரிசி மூட்டை இறங்கும் இடத்தில் சிதறிய மணிகளைப் பொறுக்கித் தின்னும். யூதத்தெருவில் கடை விரித்திருப்போர் அவற்றை அதட்டி விரட்டுவர். பத்து அடி சென்று அவை மீண்டும் திரும்பி வரும். அந்த ஆடுகளுக்குச் சொந்தக்காரர் உண்டு. இரவில் அடையும் இடமும் உண்டு. பகலில் மட்டும் ஊரே அவற்றுக்குப் பட்டி.

பட்டி என்ற சொல்லை நாம் இங்கே வேண்டுமென்றே ஆள்கின்றோம். இச்சொல்லால் வந்த ஒரு சிறு துயரமே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

நமக்கு நெருக்கமான ஒரு தமிழ்க் குடும்பம் மட்டாஞ்சேரியில் இரண்டு தலைமுறையாக வாழ்கிறது. மதுரைக்கு மேற்கே, பெயர் பட்டி என்று முடியும் சிற்றூர் ஒன்றிலிருந்து பாட்டனார் இங்கு வந்தார். ஊரை விட்டு வந்தவர் ஊர்ப் பெயரை விடவில்லை. வீட்டு வாயிற்பலகையில் தம் பெயருக்கு முன்னே ஊரின் பெயரையும் எழுதி வைத்திருந்தார். மகனும் அப்பலகையை அப்படியே காத்தார். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் ஒருநாள் ஆசிரியர் ஒவ்வொருவரையும் பூர்விக ஊர் எது என்று கேட்க, இவன் எழுந்து நின்று தன் ஊர்ப் பெயரைச் சொன்னான். வகுப்பு முழுவதும் சிரித்தது. மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்பது உங்களில் கேரளத்தில் வாழும் அனைவரும் அறிந்ததே. அன்று தொடங்கிய கேலி ஒரு மாதம் ஓயவில்லை. ஒருநாள் மாலை தந்தையார் வேலையிலிருந்து திரும்பியபோது பலகையில் ஊர்ப் பெயர் இருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. சுரண்டியவன் மகன்தான். அவனை அடிக்கவும் மனம் வரவில்லை, அதைக் கண்டு வாளா இருக்கவும் மனம் வரவில்லை என்று அவர் நம்மிடம் வந்து சொன்னார். மறுநாள் பையனையும் உடன் அழைத்து வந்தார்.

அவனிடம் நாம் சொல்லியவற்றையும், சொல்லத் தொடங்கிய பின் நாமே தேடிக் கண்டவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் பட்டி. ஆடு மாடுகளை இரவில் அடைத்துக் காக்கும் இடமே பட்டி. கொங்கு நாட்டில் இன்றும் இச்சொல் உயிரோடு உலவுகிறது. காங்கேயம் பகுதியில் கொறங்காடு என்று பெயர் பெற்ற மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை மரத்தை உயிர்வேலியாக வளர்த்திருப்பர். முள்ளும் தழையுமாக அது நெருங்கி நிற்கும். மாடு வெளியே போகாது, பிறர் மாடு உள்ளே வாராது. மழை குறைந்த அம்மண்ணில் மனிதன் கட்டிய கோட்டை அது. பட்டியைச் சுற்றி வீடுகள் எழ, வீடுகள் ஊராக, ஊர் பட்டி என்றே பெயர் பெற்றது. ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, கோவில்பட்டி, கல்லுப்பட்டி என எத்தனை ஊர்கள்! தமிழக ஊர்ப் பெயர்களை ஆராய்ந்து ‘ஊரும் பேரும்’ என்ற நூலை எழுதிய ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் காட்டும் வழி இதுவே: நிலத்தின் தொழிலை ஊரின் பெயர் சொல்லும். பட்டி என்று ஓர் ஊருக்குப் பெயர் இருந்தால், அங்கே முதலில் குடியேறியவர் கால்நடைச் செல்வம் உடையவர் என்பது பெரும்பாலும் பொருந்தும்.

செல்வம் என்றதை உயர்வுநவிற்சியாகக் கொள்ள வேண்டா. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் தமிழில் உண்டு. திருவள்ளுவர் கல்வியைப் பற்றிப் பேசும் அதிகாரத்திலும் அது அப்பொருளில் வருகிறது. மாட்டுப் பொங்கலன்று கொங்கு நாட்டார் கொண்டாடுவது பட்டிப் பொங்கல். கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும் அந்நாளுக்குப் பட்டிப் பொங்கல் என்றே பெயர். பட்டி பெருக வேண்டும் என்பது அன்று எல்லார் வாயிலும் வரும் வாழ்த்து. நாயைக் கருதி யாரும் அவ்வாறு வாழ்த்துவதில்லை என்று பையனிடம் சொன்னோம். அவன் முதன்முறையாகச் சிரித்தான்.

ஆயினும் அவன் விடவில்லை. “அப்படியானால் மலையாளத்தில் ஏன் நாய்க்கு அந்தப் பெயர்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. தமிழில் பட்டிக்கு நேர் எதிரான பொருள் ஒன்றும் உண்டு. அடைப்பில் நில்லாமல் ஊர் மேயும் மாட்டைப் பட்டி மாடு என்போம். கட்டுக்கு அடங்காமல் திரிபவனையும் பட்டி என்று ஏசுவது பழைய வழக்கம். நாச்சியார் திருமொழியின் இறுதித் திருமொழியில் ஆண்டாள் கண்ணனைத் தன் விருப்பப்படி மேய்ந்து திரியும் கரிய காளையாகக் காணும்போது, இப்பொருளில்தான் அச்சொல்லைக் கையாள்கிறாள். அடைக்கும் இடமும் பட்டி, அடையாத விலங்கும் பட்டி! தெருவில் கட்டின்றித் திரிவது மாடு மட்டும் அன்று, நாயும் திரியும். அந்தப் பொருள்தான் மலைக்கு மேற்கே நாயின் மேல் நின்றுவிட்டது என்று நாம் கருதுகிறோம். இது நம் கருத்தே. வேறு விளக்கம் கூறுவோரோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் கண்ணனையே பட்டி என்று சொல்ல ஆண்டாள் நாணவில்லை என்பதைப் பையன் மனத்தில் வாங்கிக்கொண்டான்.

திரியும் மாட்டைப் பிடித்து அடைக்கும் இடத்துக்கும் தமிழில் பெயர் உண்டு. கொண்டித்தொழு என்பது அது. கொண்டி என்றால் கொள்ளைப் பொருள். பகைவர் நாட்டிலிருந்து சிறைப்பிடித்து வரப்பட்ட பெண்டிரைக் கொண்டி மகளிர் என்று பட்டினப்பாலை குறிக்கிறது. அந்தக் கொடிய சொல் அயலான் பயிரை மேய்ந்த மாட்டின் மேல் ஏறிற்று. 1871ஆம் ஆண்டில் வெள்ளையர் அரசு கால்நடை அத்துமீறல் சட்டத்தை இயற்றியபோது பவுண்டு என்ற ஆங்கிலப் பெயரும் ஊருக்குள் நுழைந்தது. பயிரை மேய்ந்த மாட்டை அங்கே அடைப்பர்; உடையவன் தண்டமும் தீவனச் செலவும் கட்டி மீட்க வேண்டும்; மீட்காவிடில் மாடு ஏலத்துக்குப் போகும். அபராதம் கட்ட வழியில்லாத ஏழை உழவன் பவுண்டு வாசலில் நின்று தன் மாட்டைப் பார்த்துக் கண்ணீர் விட்ட கதைகள் நம் தாத்தாமார் காலத்தில் எந்த ஊரிலும் கேட்கலாம். அங்கே அடைபட்ட மாடு கன்றை நினைத்துக் கத்தும் என்பார்கள்.

இனித் தொழு. இதுவே நம் மொழியின் பழஞ்சொற்களுள் ஒன்று. கலித்தொகையில் முல்லைக்கலி ஏறுதழுவுதலைப் பாடும் இடத்தில் காளைகளை அடைத்து வைத்த களம் தொழூஉ என்று வழங்குகிறது. இரண்டாயிரம் ஆண்டு என்று பெருமை பேசுவது நமக்கு எளிது. அதனால் இன்றைய வழக்கையே சொல்கிறோம். சிவகங்கைச் சீமையில் சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். காளைகளை எங்கிருந்து அவிழ்த்து விட்டார்கள் என்றால், தொழுவிலிருந்து என்றே சொல்வார்கள். அச்சொல் நூலுக்குள் போய் ஒளிந்துகொள்ளவில்லை.

தொழுவம் என்று நாம் சொல்வதை மலையாளிகள் தொழுத்து என்பர். வேறுபாடு ஈற்றில் மட்டுமே. மட்டாஞ்சேரியில் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலருக்குத் தொழுத்து தெரியும், தொழுவம் தெரியாது. அதற்காக அவர்களை நோவதில் பயனில்லை. பாலை உறையில் வாங்கும் வீட்டில் எந்தச் சொல்தான் தெரியும்? கிறித்துமஸ் காலத்தில் மட்டும் கொச்சித் தெருக்களில் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு குழந்தை இயேசு பிறந்த இடத்தை அமைப்பர். மலையாளத்தில் அது புல்கூடு. நம்மவர் குடில் என்பர். கதை சொல்லும்போது மாட்டுத் தொழுவம் என்பர். ஆண்டுக்கு ஒருமுறை சொல் வீட்டுக்குள் வந்து போகிறது.

தொழு என்பதற்கு வேர் என்ன? தொழுதி என்று ஒரு பழஞ்சொல் உண்டு; பறவைக் கூட்டத்தையும் விலங்குக் கூட்டத்தையும் அது குறிக்கும். கைதொழுதல் என்பதில் இரண்டு கைகள் ஒன்று சேர்கின்றன. சேர்தல், கூடுதல் என்ற கருத்தே அடியில் கிடக்கிறது என்று எண்ண இடமுண்டு. மாடுகள் ஒருங்கே கூடும் இடம் தொழு. ஆனால் அதே சொல்லுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. தொழுமரம் என்பது குற்றவாளியின் கால்களை மாட்டி வைக்கும் துளையிட்ட மரம். தமிழ் விவிலியத்தில் அப்போஸ்தலர் பவுலும் சீலாவும் சிறையில் அடைக்கப்படும் இடத்தில் தொழுமரம் வருகிறது. பாதுகாக்கும் வேலி எந்தக் கணத்தில் சிறையாகிறது என்பதை வேலியைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பதைக் கேட்டால்தான் தெரியும்.

கிடை, கொட்டில், கொட்டகை, மந்தை என்று வேறு சொற்களும் உள. கிடையைப் பற்றி ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். கிடை நிலையான கட்டடம் அன்று. அறுவடை முடிந்த வயல்களில் மந்தையை இரவு கிடக்க விடுவதே கிடை. இராமநாதபுரச் சீமைக் கோனார்கள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு கோடையில் தஞ்சைத் தரணிக்கு வருவார்கள். இன்று இந்த வயலில் கிடை, நாளை அடுத்த வயலில் என்று தட்டிகளை மாற்றி மாற்றி நடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் நீரும் வயலுக்கு எரு; அதற்கு நிலமுடையோர் நெல்லோ பணமோ அளப்பர். மந்தைக்குத் தலைவர் கீதாரி. மழை வந்தால் ஒதுங்க இடமின்றி, மனைவி மக்களோடு ஊர் ஊராக நடக்கும் வாழ்க்கை அது. கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்றே ஒரு குறுநாவல் எழுதினார். பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்குக் கீதாரியின் நிலை சொல்லாமலே விளங்கும். நாமும் தட்டியை மாற்றி நட்டவர்களே.

கொட்டில், கொட்டகை என்பனவற்றை வடமொழியில் உள்ள கோஷ்டம் என்ற சொல்லோடு ஒப்பிடும் அறிஞர் உண்டு. கோ என்றால் பசு. பசுக்கள் நிற்கும் இடம் கோஷ்டம். மராட்டியர் மாட்டுத் தொழுவத்தைக் கோட்டா என்பது இதன் வழியே வந்தது. மும்பையில் வாழும் நேயர்கள் கேட்டிருப்பார்கள். பெங்களூரில் இருப்போர் தொட்டி என்று கன்னடர் சொல்லக் கேட்டிருக்கலாம். ராமநகரம், கனகபுரம் பக்கங்களில் ஊர்ப் பெயர்கள் பலவற்றுக்கு அதுவே ஈறு. தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொண்டு செல்லும் தமிழர் அங்கே மாட்டுப் பட்டியின் பெயரைக் கேட்கிறார். நம்மைப் பார்த்து மலையாளிப் பையன்கள் சிரிப்பது போல, நாமும் அங்கே சிரிக்காமல் இருப்பது நல்லது. கொட்டகைக்குத்தான் எத்தனை உயர்வு வந்தது! மாடு நின்ற கொட்டகை நாடகக் கொட்டகை ஆயிற்று, பின்னர் சினிமாக் கொட்டகை ஆயிற்று.

கோஷ்டத்திலிருந்து பிறந்த இன்னொரு சொல்லைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். கோஷ்டி என்பது அது. பசுக்கள் கூடும் இடத்தின் பெயர், மனிதர் கூடும் அவையின் பெயராகிக் கோஷ்டி ஆயிற்று. வைணவக் கோயில்களில் திவ்வியப் பிரபந்தம் ஓதும் குழாத்துக்குக் கோஷ்டி என்று பெயர். அந்தப் புனிதமான சொல்லை அரசியல் பிடித்துக்கொண்டது. ஒரு கட்சிக்குள் இரண்டு கூட்டம் முட்டிக்கொண்டால் நம் செய்தித்தாள்கள் கோஷ்டிப் பூசல் என்று எழுதுகின்றன. மலையாளச் செய்தித்தாள்கள் அதையே தொழுத்தில்குத்து என்கின்றன. ஒரே தொழுவத்தில் கட்டிய மாடுகள் ஒன்றை ஒன்று குத்திக்கொள்வது. ஒரு மொழி வெளிப்படையாகச் சொல்வதை இன்னொரு மொழி மறைத்துச் சொல்கிறது. இரண்டும் மாட்டுக் கொட்டிலிலேதான் முடிகின்றன. கோத்திரம் என்ற சொல்லும் வேதகாலத்தில் பசுக்களைக் காக்கும் அடைப்பையே குறித்தது. ஒரே பட்டியில் மாடு அடைத்தவர் ஒரே குலத்தார் எனப்பட்டனர். குலப்பெருமை பேசுவோர் தம் கோத்திரத்தைச் சொல்லும்போது தம் மாட்டுப் பட்டியையே சொல்கின்றனர். பட்டி என்று முடியும் ஊர்க்காரன் எதற்காக நாண வேண்டும்?

வடமொழிக்கு மட்டும் இது நேர்ந்தது அன்று. தமிழில் மன்று என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மன்று என்பது அவை. தில்லையில் இறைவன் ஆடும் இடமும் மன்றே. ஊர்ப் பொதுவில் மரத்தடியில் முதியோர் கூடி வழக்குத் தீர்த்த இடம் மன்றம். அகராதிகள் இன்னொரு பொருளையும் தருகின்றன: மன்று என்றால் மாட்டுத் தொழு, பசுக்கூட்டம். நீலகிரியில் தோடர்கள் எருமைகளோடு வாழும் குடியிருப்பு மந்து எனப்படுவதும் இதனோடு உறவுடையதாக மொழியறிஞர் வகுத்துள்ளனர். உதகமண்டலத்தை வெள்ளையர் ஊட்டகமண்ட் என்று எழுதினார்களே, அதன் ஈற்றில் இருப்பது இந்த மந்துதான். மாலையில் ஊர் மாடுகள் வந்து கூடிய வெளியிலேயே ஊர் மக்களும் கூடினர். மாடு யாருடையது, பயிர் யாருடையது என்ற வழக்கே அங்கு முதலில் வந்திருக்க வேண்டும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட, தமிழி எழுத்துப் பொறித்த நடுகல், ஆகோள் பூசலில் இறந்த வீரன் ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. ஆகோள் என்றால் பிறர் ஆநிரையைக் கவர்தல். மாட்டுக்காகச் செத்தவர்களின் கல்லில் நம் எழுத்தின் பழைய வரிகள் சில நிற்கின்றன. நீதிமன்றம், சட்டமன்றம் என்று இன்று நாம் சொல்லும்போதெல்லாம் அந்தப் பழைய மாட்டு மன்றின் ஒலி அதில் இருக்கிறது.

இனிக் கொச்சிக்குத் திரும்புவோம். 1500இல் போர்த்துக்கீசியர் இங்கு வந்தனர். 1503இல் கோட்டை கட்டினர். 1555 அளவில் மட்டாஞ்சேரியில் கொச்சி அரசருக்கு அவர்கள் கட்டிக்கொடுத்த கொட்டாரம் இன்றும் நிற்கிறது. 1663இல் டச்சுக்காரர் போர்த்துக்கீசியரை வென்று அக்கட்டடத்தைப் பழுது பார்த்தனர். அதனால் அது டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றது. இவ்விரு நாட்டாரும் நம் நாவில் விட்டுச் சென்ற சொற்களை எண்ணிப் பாருங்கள். மேசை, அலமாரி, சன்னல், சாவி, பீப்பாய், பாதிரி, மேஸ்திரி, ஏலம் ஆகியன போர்த்துக்கீசியர் தந்தவை. கக்கூசு டச்சுக்காரர் தந்தது. இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் கந்தோர் என்பதும் அவ்வாறே. வீட்டுக்குள்ளும் பண்டகசாலைக்குள்ளும் அவர்கள் சொற்கள் தாராளமாக நுழைந்தன. மாட்டுத் தொழுவத்துக்குள் நுழையவில்லை. வாணிகனோடும் தச்சனோடும் பேசிய வெள்ளையன் மாடு மேய்ப்பவனோடு பேசவில்லை என்பது இதன் பொருள்.

ஆனால் அவர்களிடமும் தொழுவத்துக்கு ஒரு சொல் இருந்தது. போர்த்துக்கீசியர் கால்நடை அடைப்பைக் குர்ரால் என்பர். 1652இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில் குடியேறிய டச்சுக்காரர் அச்சொல்லைக் கிரால் என்று மாற்றி, அங்கிருந்த ஆப்பிரிக்க மக்களின் மாட்டு அடைப்புகளுக்கும் சிற்றூர்களுக்கும் பெயராக வழங்கினர். நம் பட்டியைப் போலவே மாட்டின் அடைப்பு மனிதனின் ஊராயிற்று! இலங்கையில் அச்சொல் யானையின் மேல் ஏறிற்று. காட்டு யானைகளைப் பெரும் மர அடைப்புக்குள் விரட்டிப் பிடிப்பதற்கு அங்கே கிரால் என்று பெயர். பிடித்த யானைகளை வடக்கே நடத்திச் சென்று கழி கடத்தி யாழ்ப்பாணத்தில் விற்றனர். ஆனையிறவு என்ற பெயர் அந்த வாணிகத்தை இன்றளவும் நினைவூட்டுகிறது. 1950இல் பனாமுரையில் நடந்த கிராலில் பிடிபட்ட ஓர் ஆண் யானை சுடப்பட்டு இறந்தது. மக்கள் மனம் கொதித்தனர். இலங்கையில் அதுவே கடைசிக் கிரால் ஆயிற்று.

தமிழ்நாட்டு வனத்துறையில் அச்சொல் கராலாகவும் கரோலாகவும் வழங்குகிறது. முதுமலையிலும் ஆனைமலை வரகளியாற்றிலும் உள்ள பாகர்கள், பிடித்த யானையைக் கராலில் ஏற்றினோம் என்பர். கனத்த மரங்களை அடுக்கி அமைத்த கூண்டு அது. யானை திரும்ப மட்டுமே இடமிருக்கும். 2019 சனவரியில் கோயம்புத்தூரை அடுத்த தடாகத்தில் பிடித்துக் காட்டில் விட்ட சின்னத்தம்பி என்ற யானை, தன் இடத்தைத் தேடி உடுமலை வரை நடந்து வந்ததும், பிப்ரவரியில் மீண்டும் பிடிபட்டு வரகளியாற்றுக் கராலில் அடைக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது பலர் அந்தச் சொல்லை முதன்முறையாகக் கேட்டனர். காட்டுவாசிகளின் பழந்தமிழ்ச் சொல் என்றும் சிலர் எழுதினர். லிஸ்பனில் புறப்பட்டு, ஆப்பிரிக்கத் தென்முனையும் இலங்கையும் சுற்றி, ஆங்கிலேயரின் வழியே ஆனைமலைக்கு ஏறிய சொல் அது. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் நூற்றாண்டுக் கணக்கில் அமர்ந்திருந்த கொச்சியை அடுத்த காடுகளிலோ, மலையாளிகள் தம் சொல்லையே காத்துக்கொண்டனர். கோடநாட்டிலும் கோன்னியிலும் இருப்பது ஆனைக்கூடு. ஆட்டுக்குக் கூடு, கோழிக்குக் கூடு, ஆனைக்கும் கூடு.

அந்தக் கோடநாட்டுக் கூட்டை 2023ஆம் ஆண்டில் அரிக்கொம்பனுக்காக ஆயத்தம் செய்தனர். இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்ற யானை அது. கொச்சியிலுள்ள கேரள உயர்நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தது. காட்டில் பிறந்ததை வாழ்நாள் முழுதும் கூட்டில் அடைப்பதா என்று நீதிமன்றம் வினவி, வல்லுநர் குழுவை அமைத்து, வேறு காட்டில் விடும்படி பணித்தது. ஏப்ரல் 29 அன்று யானை பிடிபட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்டது. மே 27 அன்று அது மலையிறங்கித் தமிழ்நாட்டுக் கம்பம் நகருக்குள் புகுந்தது. மக்கள் சிதறி ஓடினர். அன்று காயமுற்ற ஒருவர் பின்னர் உயிர் நீத்தார். சூன் 5 அன்று தமிழ்நாட்டு வனத்துறையினர் அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டனர்.

யானைக்காகக் கண்ணீர் விட்டோர் பலர். சின்னக்கானலில் இரவெல்லாம் தீ மூட்டிக் காவல் இருந்த தோட்டத் தொழிலாளரும் பழங்குடியினரும், “எங்களைச் சுற்றி யார் வேலி போடுவார்?” என்ற மனத்தோடு மறியல் செய்தனர். இரு பக்கமும் நியாயம் உண்டு. நம்மைக் கேட்டால் தீர்ப்பு சரி என்போம். ஆனால் அந்த மலைச்சரிவில் ஓலைக் குடிசையில் உறங்கியிருந்தால் இவ்வளவு எளிதாகச் சொல்லியிருப்போமா என்பது ஐயமே. மாட்டுக்கும் பயிருக்கும் நடந்த பழைய வழக்கு யானைக்கும் வீட்டுக்கும் நடக்கிறது. மன்றம் மட்டும் மரத்தடியிலிருந்து கட்டடத்துக்குள் போயிருக்கிறது.

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்று ஓர் இடம் உண்டு. தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக அங்கே துணி வெளுத்துக் கயிற்றில் உலர்த்துகின்றனர். டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் இங்கு வந்தனர் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. வெளி என்பது மலையாளத்திலும் தமிழிலும் ஒன்றே. தொழுவுக்கு எதிர்ச்சொல் தேவையானால் அதைச் சொல்லலாம் என்று பையனிடம் கூறினோம். அவன் அதைக் குறித்துக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து அவன் மீண்டும் வந்தான். தன் வகுப்பில் ஒருவனுடைய வீட்டுப் பெயர் தொழுத்து என்றே தொடங்குகிறதாம். “அவனை யாரும் கேலி செய்வதில்லை, நானும் செய்யவில்லை. ஆனால் உன் வீடும் என் ஊரும் ஒன்றுதான் என்று சொன்னேன்” என்றான். அதற்கு அவன் என்ன சொன்னான் என்று கேட்டோம். முதலில் நம்பவில்லையாம், பாட்டியைக் கேட்டு வருவதாகப் போனானாம், மறுநாள் வந்து, அவர்கள் வீட்டு முற்றத்தில் முன்பு எட்டு மாடுகள் நின்றன என்று சொன்னானாம்.

பலகையைப் பற்றி நாம் ஒன்றும் கேட்கவில்லை. சென்ற ஞாயிறன்று அந்த வழியே போனோம். ஊர்ப் பெயர் மீண்டும் எழுதப்பட்டிருந்தது. எழுத்து சற்றுக் கோணலாக இருந்தது, பையன் கைதான். வாயிற்படியில் யாருடையதோ ஓர் ஆடு படுத்திருந்தது.